கழக்கூட்டத்து ரவுட்டரும் தும்பா ரேடாரும்

‘நெட் போச்சு’ என்பது ஒரே புகார். ஆனால் அது ஒரே கோளாறு அல்ல. திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்தில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டிய கழக்கூட்டத்தில் இந்தப் புகார் மலையாளத்திலும் தமிழிலும் காதில் விழும். 1990-இல் இங்கே தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நிளா, காயத்ரி, பவானி, தேஜஸ்வினி என்று அதன் கட்டடங்களுக்குப் பெயர். பூங்காவைச் சுற்றியுள்ள வாடகை மாடிகளிலும் பத்து, இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் உண்டு. நாகர்கோவில், குழித்துறைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து இங்கே வேலை பார்ப்பவர்களும் உண்டு. பெரிய நிறுவனத்தில் நெட்வொர்க்கைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். சிறு அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு, கொஞ்சம் விவரம் தெரிந்த ஒருவரின் தலையில் வந்து விழும். “சேட்டா, நெட் போயி” என்று எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த அத்தியாயம் அவருக்காக.

அப்படி ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்வோம். ஐந்தாவது மாடி, தென்மேற்கே, கடற்கரைப் பக்கம் பார்த்த கண்ணாடிச் சுவர், நல்ல விலைக்கு வாங்கிய புது ரவுட்டர். வேலை மும்முரமாக நடக்கும்போது வைஃபை திடீரென்று ஒரு நிமிடம் செத்துப்போகிறது, பிறகு தானாகவே உயிர்பெறுகிறது. சில நாள் ஒன்றுமே இல்லை. சில நாள் அரைமணிக்கொரு தரம். இணையச் சேவை நிறுவனத்துக்காரர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். ரவுட்டரை மாற்றினாலும் அதே கதை. இதற்கு விடை அலுவலகத்துக்கு வெளியே, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். ஆனால் அங்கே போவதற்கு முன், அலுவலகத்துக்குள் தேடவேண்டிய இடங்களை ஒழுங்காகத் தேடியாக வேண்டும்.

எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவது. பெரும்பாலும் அது வேலை செய்துவிடுவதுதான் சிக்கல். ரவுட்டர் ஒரு சின்னக் கணினி. தனக்கு என்ன நேர்ந்தது என்பதை நிமிட விநாடிக் கணக்கோடு ஒரு பதிவேட்டில், அதாவது லாகில், எழுதிக்கொண்டே இருக்கும். பல ரவுட்டர்களில் அந்தப் பதிவேடு மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. அணைத்தால் அழிந்துவிடும். நோயாளி வாய் திறந்து சொல்ல வந்த நேரத்தில் அவர் நினைவையே துடைத்துவிடுகிறோம். துண்டிப்பு நேர்ந்ததும் கை சுவிட்சுக்குப் போகாமல் நிர்வாகப் பக்கத்துக்குப் போகவேண்டும். லாகை ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டு அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டியவை மூன்று கடிகாரங்கள். ரவுட்டர் கண்விழித்து எவ்வளவு நேரமாகிறது என்பது முதல் கடிகாரம். இணையச் சேவை தருபவரோடு அதன் தொடர்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பது இரண்டாவது. உங்கள் லேப்டாப் வைஃபையில் சேர்ந்து எவ்வளவு நேரமாகிறது என்பது மூன்றாவது. துண்டிப்புக்குப் பிறகு இவற்றில் எது பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தால், கோளாறு எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் கடிகாரமே பூஜ்யமானால் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகப்படவேண்டியது சுவரில் தொங்கும் அடாப்டரை. 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கித் தரும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், மின்னழுத்தம் ஏறி இறங்காமல் சமன்செய்யும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது ஒரு திரவம். வெப்பத்தில் அது மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கையாளும் கணக்கு. காற்றோட்டமில்லாத மர அலமாரிக்குள் பூட்டிவைத்த அடாப்டர், மேசைமேல் கிடப்பதைவிட வெகு சீக்கிரம் கிழடாகிவிடும். கிழடான அடாப்டர் ரவுட்டர் சும்மா இருக்கும்போது சமாளித்துக்கொள்ளும். இருபது பேரும் ஒரே சமயத்தில் வீடியோ கூட்டத்தில் உட்காரும்போது ரவுட்டர் கூடுதல் மின்னோட்டம் கேட்கும். அப்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். ரவுட்டர் மயங்கி விழுந்து எழும். ‘கூட்டம் நடக்கும்போதுதான் போகிறது’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை ஒரு நாள் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது கடிகாரம் மட்டும் பூஜ்யமானால் கோளாறு கட்டடத்துக்கு வெளியிலிருந்து வரும் ஃபைபரில். கண்ணாடி இழைக்குள் வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பரவலாக உள்ள ஜிபான் முறையில் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி நம்மை நோக்கி வருகிறது, 1310-இல் நம்மிடமிருந்து போகிறது. ஒரே இழையின் ஒளியைத் தெருமுனைப் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுவார்கள். நம் பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு நிர்வாகப் பக்கத்தில் டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 20 என்றால் சுகம். மைனஸ் 27 பக்கம் வந்தால் விளிம்பில் நிற்கிறது. மைனஸ் 27 டிபிஎம் என்பது ஏறத்தாழ 2 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இவ்வளவு சொற்ப ஒளியில்தான் மொத்த அலுவலகமும் ஓடுகிறது.

அதைக் கெடுக்கப் பெரிய விபத்து எதுவும் வேண்டாம். இழையின் நடுவே ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரோமீட்டர் அகலம்தான்; தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒன்று போல. பச்சைநிற இணைப்பியின் நுனியில் ஒரு தூசித்துகள் உட்கார்ந்தால் போதும். அந்த நுனியை 8 டிகிரி சாய்வாகச் செதுக்கியிருப்பார்கள். பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே போய் அனுப்புநரைத் தொந்தரவு செய்யாதிருக்க இந்த ஏற்பாடு. பார்க்க ஒரே மாதிரியிருக்கும் நீலநிற இணைப்பியை அதில் செருகினால் இரண்டு நுனிகளும் சரியாகப் பொருந்தாமல் ஒளி கணிசமாகக் கசியும். மேசைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே இழையை மடக்கி நசுக்கினாலும் அப்படித்தான். மடிப்பில் ஒளி முழுதாகத் திருப்பப்படாமல் வெளியே போய்விடுகிறது. மழைக்காலத்தில் அலைக்கழியும் கேபிள் காற்றில் ஆடும்போது மட்டும் இணைப்பைத் துண்டிக்கும். இதற்கெல்லாம் அந்த டிபிஎம் எண்ணைத் தினமும் ஒருமுறை குறித்துவைப்பதே மருந்து. வாரத்துக்கு வாரம் அது சரிந்துகொண்டே போனால் சேவை தருபவரிடம் எண்ணோடு பேசலாம். எண்ணோடு பேசுகிறவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

இங்கே இடியையும் சொல்லவேண்டும். கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் என்று மலையாளிகள் சொல்லும் அக்டோபர், நவம்பர் மழையிலும் பிற்பகலில் இடி இறங்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிவரும் எஃகுக் கம்பியும், மின்கம்பியும், கட்டடத்துக்குள் ஓடும் செப்பு லேன் கேபிளும் கடத்தும். ஃபைபர் வந்துவிட்டதால் இடி பயமில்லை என்று நினைப்பது தவறு.

கேரளத்தில் இந்தக் கண்ணாடி இழைக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 2019 செப்டம்பரில், விடுதியில் மொபைல் பயன்படுத்தும் நேரத்தைக் கட்டுப்படுத்தியதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்வாரியத்தின் தடங்களைப் பயன்படுத்தி மாநிலம் முழுதும் இழுத்த கே-ஃபோன் வலையமைப்பை 2023 ஜூன் 5-ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். உரிமை என்று நீதிமன்றம் சொன்ன ஒன்று, ஒரு மடங்கிய இழையில் அறுந்துபோகக்கூடியது. அதனால்தான் பழுது பார்க்கும் அறிவு பொறியாளர்களிடம் மட்டும் தங்கிவிடக்கூடாது என்று நினைக்கிறேன்.

மூன்று கடிகாரங்களும் ஓடிக்கொண்டேயிருக்க, வேலை மட்டும் நிற்குமானால் அது வேறு வகை. அதைக் கண்டுபிடிக்க பிங் போதும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் இது. ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரத்தை அளக்கும் சோனார் முறையை அப்படியே கணினி வலைக்கு அவர் கொண்டுவந்தார். இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் இன்னொன்றில் வெளியூர் முகவரி ஒன்றுக்கும் நாள்முழுக்க பிங் ஓடவிடுங்கள். அலுவலகத்துக்குள் பதில் ஓரிரு மில்லிவிநாடியில் வரும். சென்னைக்கு இழைவழித் தூரம் 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், போய்வர 8 மில்லிவிநாடி. அதற்குமேல் ஆகிற நேரமெல்லாம் வழியில் வரிசையில் நின்ற நேரம்.

இரண்டு பிங்கும் ஒழுங்காக ஓடும்போது வலைத்தளம் மட்டும் திறக்கவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் பதில் தரவில்லை. ரவுட்டர் பிங்கே தத்தளித்தால், யாராவது ஒரு லேன் கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கக்கூடும்; ஒரே பொட்டலம் வட்டமடித்து வட்டமடித்துப் பெருகி வலையையே அடைத்துவிடும். 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை இந்த வட்டத்தைத் தானே கண்டுபிடித்து அறுக்கும். ஆனால் மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அது கிடையாது. யாரோ வீட்டிலிருந்து ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால் இரண்டு ரவுட்டர்கள் முகவரி வழங்கும், பாதிப்பேருக்கு மட்டும் நெட் இருக்காது. இவையெல்லாம் கண்டுபிடித்த மறுநிமிடம் தீர்ந்துவிடும் தொல்லைகள்.

இனி நம் ஐந்தாவது மாடிக்கு வருவோம். அங்கே முதல் கடிகாரமும் இரண்டாவது கடிகாரமும் நிற்காமல் ஓடுகின்றன. கேபிளில் இணைந்த ஒரே ஒரு மேசைக்கணினிக்கு ஒன்றும் ஆவதில்லை. வைஃபைக் கடிகாரம் மட்டும் பூஜ்யமாகிறது. ஆகவே கோளாறு காற்றில்.

வைஃபைக்குப் பரவலாக உள்ளவை இரண்டு பாதைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பழையது, நெரிசலானது. ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் அதில் மூன்றுதான் தேறும். அலுவலகச் சமையல் மூலையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சாதத்தைச் சூடாக்குகிறது. மதியம் ஒரு மணிக்கு மட்டும் இணைப்பு இழுத்துப் பறித்தால் அங்கே போய்ப் பார்க்கலாம். இது அற்பமான சந்தேகம் அல்ல. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் வானியலாளர்களைக் குழப்பிய விசித்திரத் துடிப்புகளுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்புதான் காரணம் என்று எமிலி பெட்ராஃபும் குழுவினரும் 2015-இல் காட்டினார்கள்.

நம் அலுவலகம் இருப்பதோ 5 கிகாஹெர்ட்ஸில். இது அகலமான சாலை. இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பிறகு 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையும், 5470 முதல் 5875 வரையும் உரிமம் இல்லாமலே வைஃபைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இந்தச் சாலையின் நடுப்பகுதி நமக்கு மட்டும் சொந்தமல்ல. அங்கே நமக்கு முன்பே குடியிருப்பவை ரேடார்கள். குறிப்பாக 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள துண்டு உலகின் பல நாடுகளில் வானிலை ரேடார்களின் இடம்.

கழக்கூட்டத்திலிருந்து தென்மேற்கே, நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர் தூரத்தில் தும்பா. புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டிய கடற்கரை என்பதால் விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழும்பிய இடம். அந்த ராக்கெட் ஏவுதள வளாகத்தில் ஒரு சி-பேண்ட் டாப்ளர் வானிலை ரேடார் நிறுவப்பட்டிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் திருவனந்தபுரம் ரேடார் என்று நாம் பார்க்கும் படம் அதனுடையது. சி-பேண்ட் வானிலை ரேடார்கள் இயங்குவது 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. ரவுட்டரில் 120, 124, 128 என்ற எண்களுள்ள சேனல்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

ரேடார் செய்வதும் பிங் செய்வதும் ஒரே வேலை. ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடி நீளமுள்ள துடிப்பை ஒரு திசையில் அனுப்பும். பிறகு வாய்மூடிக் காத்திருக்கும். 100 கிலோமீட்டர் தூரத்து மழையில் பட்டால் எதிரொலி 667 மைக்ரோவிநாடியில் திரும்பும். எதிரொலியின் பலம் துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துளி இரண்டு மடங்கு பெரிதானால் எதிரொலி 64 மடங்கு. அதனால்தான் தூறலையும் கொட்டும் மழையையும் ரேடாரால் பிரித்துச் சொல்ல முடிகிறது. துளிகள் ரேடாரை நோக்கி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் எதிரொலியின் அதிர்வெண் 370 ஹெர்ட்ஸ் போலக் கூடும். 560 கோடி ஹெர்ட்ஸில் அந்த 370-ஐப் பிடித்துக் காற்றின் வேகத்தைச் சொல்கிறது டாப்ளர் முறை. மனிதன் செய்த கருவிகளில் என்னை மிகவும் வியக்கவைப்பவற்றில் இதுவும் ஒன்று.

அனுப்பும்போது இவ்வகை ரேடாரின் துடிப்பு 250 கிலோவாட் போல இருக்கும். திரும்பி வருவதோ, ஒரு வாட்டை நூறு லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு வரை மெலிந்திருக்கும். ரவுட்டர் அனுப்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது சில கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது. சுவரிலும் கண்ணாடியிலும் இழந்ததுபோக மீதியே, தூரத்து மழையின் எதிரொலியைவிட நூறு மடங்குக்கு மேல் பலமாக ரேடாரை எட்டக்கூடும். மொட்டைமாடியில் கூரையின்றி வைத்த கருவியென்றால் ஆயிரக்கணக்கான மடங்கு. கோயிலில் வெடிவழிபாடு நடக்கும்போது காதோரம் ஒருவர் மெல்லப் பேசுவது எப்படிக் கேட்கும்? ரேடார் படத்தில் ரவுட்டரின் சத்தம் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு நேர்க்கோடாக விழும். ரவுட்டர் இருக்கும் திசையில், மழையே இல்லாத இடத்தில் மழை போல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் உண்மையான மழை இருந்தால் தெரியாது.

இந்தச் சண்டை வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. 2003-இல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, நடுச்சாலையை வைஃபைக்குத் திறந்துவிட்டபோது ஒரு நிபந்தனை போட்டது: ரேடார் சத்தம் கேட்டால் வைஃபை ஒதுங்கவேண்டும். டிஎஃப்எஸ் என்ற மூன்றெழுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருந்தால் அது இந்த நிபந்தனைதான். ரவுட்டர் அந்தச் சேனல்களில் வாய் திறப்பதற்கு முன் 60 விநாடி காதுகொடுத்துக் கேட்கவேண்டும். வானிலை ரேடார்களின் துண்டில் ஐரோப்பிய விதி 10 நிமிடம் கேட்கச் சொல்கிறது. பேசத் தொடங்கிய பிறகும் இடையிடையே கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். மைனஸ் 62 டிபிஎம் அளவில், அதாவது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக, சீரான இடைவெளியில் துடிப்புகள் வந்தால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலைக் காலிசெய்யவேண்டும். அடுத்த 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது.

இப்போது ஐந்தாவது மாடியின் நோய்க்குறிகளைப் பாருங்கள். ரேடார்க் கதிர் சுழன்று தாழ்வாக அந்தத் திசையைக் கடக்கும்போது, முதன்மைக் கதிர் நேரே படவேண்டும் என்றுகூட இல்லை, பக்கவாட்டில் சிதறும் பகுதியே அந்த வரம்பைத் தாண்டப் போதும். ரவுட்டர் துடிப்பைக் கேட்கிறது; சேனலை விடுகிறது; வேறொரு நடுச்சாலைச் சேனலுக்குத் தாவுகிறது; அங்கே 60 விநாடி கேட்கவேண்டியிருப்பதால் மௌனமாக இருக்கிறது. அதுதான் அந்த ஒரு நிமிடம். 30 நிமிடம் கழிந்ததும் சில ரவுட்டர்கள், முன்பிருந்த சேனல்தான் நெரிசலில்லாதது என்று அங்கேயே திரும்பிப் போகும். அதுதான் அந்த அரைமணிக்கொரு தரம். அணைத்துப் போட்டபோது ரவுட்டர் வேறு சேனலைத் தேர்ந்திருக்கலாம். ஆகவே ‘ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது’. ரவுட்டரை மாற்றியும் தீராததற்குக் காரணம், இரண்டு ரவுட்டர்களும் பழுதில்லாதவை, விதிக்குக் கட்டுப்பட்டவை. வேறிடத்தில் இருக்கும் ரவுட்டரோ கீழ்த்தளத்தில் இருப்பதோ இதே தொல்லையைத் தராததற்கு நடுவே நிற்கும் கட்டடங்களே காரணம்.

ஊகத்தோடு நிற்கவேண்டியதில்லை. லாகில் ரேடார் என்ற சொல்லோடு அந்த நிமிடத்துக்கு ஒரு வரி இருக்கும். அது இருந்தால் வழக்கு முடிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ரவுட்டரின் காது அவ்வளவு துல்லியமானதல்ல. பக்கத்து வைஃபை கருவியின் ஒழுங்கற்ற வெடிப்புகளையும் சில சமயம் ரேடார் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த வரி, ரவுட்டர் உண்மையில் ரேடாரைத்தான் கேட்டது என்பதற்குச் சான்றல்ல. ரவுட்டர் ஏன் ஒதுங்கியது என்பதற்குச் சான்று.

‘மழைப் படத்துக்காக என் வேலை நிற்கவேண்டுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பதிலும் கனமானது. 1985 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அமெரிக்காவின் டாலஸ் நகரில் தரையிறங்க வந்த டெல்டா விமானம் 191, இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்றில் சிக்கி நொறுங்கியது. 137 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட காற்றை முன்கூட்டிக் காண்பதற்காகவே அந்நாட்டு விமான நிலையங்களில் இதே 5600–5650 துண்டில் இயங்கும் டாப்ளர் ரேடார்களை வைத்தார்கள். 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில் கோடுகள் விழத் தொடங்கின. தேடிப்போனபோது காரணம், ஒதுங்கவேண்டிய விதியை மீறிக்கொண்டிருந்த 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்.

நம் கரைக்கு வந்தால் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்கருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் புயலாகிக் குமரிமுனையையும் திருவனந்தபுரம் கரையையும் உரசிக்கொண்டு போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூந்துறை, விழிஞ்ஞம் ஊர்களின் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. பலர் எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களை எட்ட ரேடார் மட்டும் போதாது, கடலில் செய்தி சொல்லும் வழியும் வேண்டும். ஆனால் ஒரே இரவில் உருத்திரளும் புயலைக் கரையிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க இருக்கிற கண்களில் முக்கியமானது ரேடார். தும்பா ரேடாருக்கு மேற்கிலும் தெற்கிலும் கடல். கழக்கூட்டத்திலிருந்தும் கரையோர மாடிகளிலிருந்தும் அதன் படத்தில் கோடு போடுவது, அந்த ஊர்க்காரர்களுக்கு வரும் எச்சரிக்கையில் கைவைப்பது.

இதனால்தான் தவிர்க்கவேண்டிய ஒரு குறுக்குவழியைச் சொல்லியாக வேண்டும். ரவுட்டரின் அமைப்பில் நாடு என்றொரு தேர்வு இருக்கும். அதை வேறொரு நாடாக மாற்றினால் டிஎஃப்எஸ் தொல்லை ஓய்ந்துவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில கருவிகளில் அது பலிக்கவும் செய்யும். பலித்தால் ரவுட்டர் ரேடாரைக் கேட்பதை நிறுத்திவிட்டது என்று பொருள்; அதன் சத்தம் ரேடாரை எட்டுவது மட்டும் நிற்காது.

தேவையும் இல்லை. 36 முதல் 48 வரையுள்ள சேனல்களும் 149 முதல் 161 வரையுள்ளவையும் இந்த விதிக்கு வெளியே இருப்பவை. தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு இரண்டில் ஒன்றை நிலையாக வையுங்கள். பக்கத்து அலுவலகம் 36-இல் இருந்தால் நீங்கள் 149-க்குப் போங்கள். அலைவரிசை அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று விளம்பரத்துக்காகத் திறந்துவைத்திருந்தால் 80-க்குக் குறையுங்கள். 160 அகலம் வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்ச் சேனல்களை மிதிக்காமல் இங்கே இடம் கிடைக்காது. இருபது பேருக்கு 80 தாராளம். பல அலுவலகங்கள் நெருங்கியிருக்கும் மாடியில் 40 இன்னும் அமைதி. நகராத மேசைக்கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்; காற்றில் அத்தனை சுமை குறையும். நாட்டுத் தேர்வு இந்தியா என்றே இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் போனால், அந்த மூன்று கடிகாரங்களை மறுபடி பாருங்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல, ரேடாருக்குப் பின்னால் ஒரு கிழட்டு அடாப்டரும் இருக்கக்கூடும்.